யார் முடிவெடுக்கிறார்கள்? கல்லூரி மாணவர்களுக்கு அரசியல் அறிவியலும் குடிமைப் பங்கேற்பும் கற்பிக்க ஒரு முழு வழிகாட்டி

நான் பாடம் நடத்தத் தொடங்கிய முதல் வருடம், "அரசு என்றால் என்ன" என்பதற்கே மூன்று வாரம் போனது. 1933 மான்டிவிடியோ உடன்படிக்கை சொல்லும் நான்கு கூறுகள்: நிலையான மக்கள்தொகை, வரையறுத்த நிலப்பரப்பு, அரசாங்கம், பிற அரசுகளோடு உறவு வைத்துக்கொள்ளும் திறன். மாணவர்கள் தலைகீழாக ஒப்பித்தார்கள், தேர்விலும் நன்றாகவே எழுதினார்கள். தேர்வு முடிந்த வாரம் ஒரு மாணவி வந்து, கல்லூரி வாசலில் சாலையைக் கடக்கவே பயமாக இருக்கிறது, ஒரு வேகத்தடை போடச் சொல்லி யாரிடம் கேட்பது என்றார். வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை என்பதுதான் கூத்து.

அன்றிலிருந்து பாடத்தைத் திருப்பிப் போட்டேன். கோட்பாட்டில் தொடங்கி நடைமுறைக்கு இறங்குவதை விட்டுவிட்டு, ஒரு சின்ன முடிவை யார் எடுக்கிறார்கள் என்று தேடிப் போவது. போகிற வழியில் தேவைப்படும் கோட்பாட்டை அங்கங்கே எடுத்துக்கொள்வது. கீழே இருப்பது 15 வாரச் செமஸ்டருக்கு, முப்பது பேர் வகுப்புக்குப் போட்ட கணக்கு. அறுபது பேர் என்றால் வகுப்பை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள், வேறு வழியில்லை.

முதல் வாரம்: பிரச்சினைக்கு முகவரி தேடுவது

அறிமுக உரை வேண்டாம். ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து, கடந்த ஏழு நாளில் பொது இடத்தில் உங்களை எரிச்சல்படுத்திய ஒரு விஷயத்தை எழுதச் சொல்லுங்கள். எரியாத விளக்கு, நேரத்துக்கு வராத பேருந்து, ஆறு மணிக்கே பூட்டிவிடும் நூலகம், இப்படித்தான் வரும். "ஊழல்", "சமத்துவமின்மை" என்று எழுதுகிறவர்களிடம் சீட்டைத் திருப்பிக் கொடுத்து, எங்கே, எந்த நாள், யாருக்கு என்று கேளுங்கள்.

அப்புறம் கரும்பலகையில் கட்டம் போடுங்கள். கல்லூரி நிர்வாகம், உள்ளாட்சி, மாநில அல்லது மாகாண அரசு, தேசிய அரசு, நீதிமன்றம், தனியார் நிறுவனம், கடைசியில் "தெரியவில்லை". யாருடைய கையெழுத்து இதை மாற்றும் என்று கேட்டு, சீட்டுகளை மாணவர்களே ஒட்டட்டும். நான் பார்த்தவரை "தெரியவில்லை" கட்டம்தான் நிரம்பி வழியும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாடத்திட்டம் அதுதான்.

இரண்டாவது வகுப்பில் ஒரே ஒரு சீட்டை எடுத்து நான்கு கேள்வி கேளுங்கள். முடிவெடுப்பது யார், பணம் கொடுப்பது யார், வேலையைச் செய்வது யார், தடுத்து நிறுத்தக்கூடியவர் யார்? வேகத்தடையையே எடுத்தால், சாலை ஒரு துறைக்குச் சொந்தம், போக்குவரத்து பற்றிக் கருத்து சொல்வது காவல்துறை, பணம் வேறொரு தலைப்பில் வர வேண்டும், கல்லூரியால் முடிந்தது கடிதம் எழுதுவது மட்டும். அதிகாரப் பகிர்வு என்ற சொல்லை நீங்கள் இன்னும் உச்சரிக்கவே இல்லை, ஆனால் மாணவர்கள் அதைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

இரண்டு, மூன்றாம் வாரம்: ஒரே வாக்கு, மூன்று வெற்றியாளர்கள்

என் வகுப்புகளில் இதைப்போல் சூடுபிடிக்கும் பயிற்சி வேறில்லை, அதனால் விரிவாகவே சொல்கிறேன். முப்பது அட்டை தயார் செய்யுங்கள். வகுப்பு ஒருநாள் சுற்றுலா போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். போகும் இடம் கடலா, மலையா, அருங்காட்சியகமா? ஒவ்வோர் அட்டையிலும் மூன்றையும் விருப்ப வரிசையில் எழுதுங்கள். 12 அட்டையில் கடல், அருங்காட்சியகம், மலை. 10 அட்டையில் மலை, அருங்காட்சியகம், கடல். மீதி 8 அட்டையில் அருங்காட்சியகம், மலை, கடல். மாணவர்களின் சொந்த விருப்பத்தை வைத்து நடத்தினால் வேடிக்கை நடக்கும் என்று உறுதியில்லை. எனவே முதல் சுற்றில் அட்டையை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

முதல் விருப்பத்தை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். கடல் 12, மலை 10, அருங்காட்சியகம் 8. கடல் ஜெயித்துவிட்டது. அந்தப் பன்னிரண்டு பேர் கைதட்டி முடிக்கட்டும்.

சரி, இப்போது இரண்டு சுற்று முறை. கடைசியில் இருக்கும் அருங்காட்சியகத்தை நீக்கினால் அதன் 8 வாக்கும் அடுத்த விருப்பமான மலைக்குப் போகும். மலை 18, கடல் 12. மலை ஜெயித்துவிட்டது. ஒரு வாக்குகூட மாறவில்லை, கவனியுங்கள்.

மூன்றாவதாக மதிப்பெண் முறை. முதல் இடத்துக்கு 2, இரண்டாம் இடத்துக்கு 1, மூன்றாம் இடத்துக்குப் பூஜ்யம். கடலுக்கு 24, மலைக்கு 28, அருங்காட்சியகத்துக்கு 38. முதல் கணக்கில் கடைசியாக வந்தது இப்போது முதலிடம்!

இந்த இடத்தில் வகுப்பில் ஓர் அமைதி வரும். நீங்களும் பேசாதீர்கள். சற்று நேரத்தில் கடல்காரர் ஒருவர், "நாங்கதானே அதிகம்" என்பார். இன்னொருவர், "பதினெட்டு பேருக்குக் கடைசி விருப்பமே கடல்தானே" என்று திருப்பிக் கேட்பார். அரை மணி நேரம் சண்டை ஓடட்டும். "மக்கள் தீர்ப்பு" என்று நாம் சொல்வதில் மக்கள் எவ்வளவு, எண்ணும் விதி எவ்வளவு என்ற கேள்விக்கு அவர்களே வந்துவிடுவார்கள்.

அதற்குப் பிறகுதான் பெயர்கள். இந்தியாவிலும் பிரிட்டனிலும் மக்களவைத் தேர்தல்கள் நடப்பது முதல் முறையில். பிரான்சின் அதிபர் தேர்தலில் இரண்டு சுற்று. ஆஸ்திரேலியக் கீழவைத் தேர்தலில் வாக்காளர் விருப்ப வரிசையே எழுதுகிறார், கடைசியில் இருப்பவரை நீக்கி நீக்கி எண்ணுகிறார்கள். மதிப்பெண் முறையை 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரரான போர்டா முன்வைத்தார். அதன் ஒரு வகையைப் பசிபிக் தீவு நாடான நவூரு தன் நாடாளுமன்றத் தேர்தலுக்குப் பயன்படுத்துகிறது.

நேரம் இருந்தால் இன்னொரு கட்டு அட்டை. பத்துப் பேருக்குக் கடல், அருங்காட்சியகம், மலை. பத்துப் பேருக்கு அருங்காட்சியகம், மலை, கடல். பத்துப் பேருக்கு மலை, கடல், அருங்காட்சியகம். இரண்டிரண்டாக மோதவிட்டால் கடல் அருங்காட்சியகத்தை 20–10 என்று வெல்லும், அருங்காட்சியகம் மலையை 20–10 என்று வெல்லும், மலை கடலை அதே 20–10 என்று வெல்லும். முடிவே இல்லாத வட்டம். பிரெஞ்சுக் கணித அறிஞர் கொண்டோர்சே 1785-இல் காட்டியது இதைத்தான். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வாய்ப்புகள் இருந்தால், பார்த்தால் நியாயமாகத் தெரியும் சில நிபந்தனைகளை எல்லாம் ஒருசேர நிறைவேற்றும் தரவரிசை முறை எதுவும் இருக்க முடியாது என்று 1951-இல் அமெரிக்கப் பொருளியலாளர் கென்னத் ஆரோ நிறுவினார்.

ஓர் எச்சரிக்கை. இந்த வகுப்பு முடிந்ததும், "அப்படியென்றால் தேர்தலே ஏமாற்று" என்று சொல்லிக்கொண்டு வெளியே போகும் நாலு பேர் இருப்பார்கள். அவர்களை அப்படியே விட்டுவிடக்கூடாது. வகுப்புப் பிரதிநிதியை எந்த முறையில் தேர்ந்தெடுக்கலாம் என்று ஆளுக்கொரு பக்கம் எழுதி வரச் சொல்லுங்கள். ஒரே நிபந்தனை: தேர்ந்தெடுத்த முறையால் எதை இழக்கிறோம் என்பதையும் எழுத வேண்டும்.

தொகுதி வரையும் விளையாட்டு

இதற்கு ஒரு மணி நேரம் போதும். 9 வெள்ளைத் தாள், 6 நீலத் தாள். மூன்று மூன்றாக ஐந்து தொகுதி அமைக்க வேண்டும், எந்த நிறம் அதிகமோ தொகுதி அதற்கு. ஓர் அணியிடம் நீலம் அதிக இடம் பெறும்படி பிரிக்கச் சொல்லுங்கள், இன்னோர் அணியிடம் வெள்ளைக்குச் சாதகமாக. முதல் அணி மூன்று தொகுதியில் இரண்டிரண்டு நீலமாக வைத்து, ஐந்தில் மூன்றை நீலத்துக்குக் கொடுத்துவிடும். இரண்டாவது அணி நீலத்தை ஒரே ஓர் இடத்தில் நிறுத்திவிடும். அதே பதினைந்து தாள்தான். 1812-இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் கெர்ரி ஒப்புதல் தந்த வரைபடத்தில் ஒரு தொகுதி, பார்க்கப் பல்லி மாதிரி இருக்கும் சாலமாண்டர் என்ற உயிரினத்தைப் போல வளைந்து கிடந்தது. அவர் பெயரையும் அந்த உயிரினத்தின் பெயரையும் ஒட்டவைத்து "கெர்ரிமாண்டர்" என்றார்கள். இந்தக் கதையை விளையாட்டு முடிந்த பிறகு சொல்லுங்கள், முன்னால் சொன்னால் சுவை போய்விடும்.

தேர்தல் இல்லாமலே பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கலாமே என்று யாராவது கேட்டால் குலுக்கலுக்குப் போகலாம். பண்டைய ஏதென்ஸில் பத்துக் குலங்களிலிருந்து ஐம்பது ஐம்பதாக 500 பேர் அவைக்குக் குலுக்கலில் வந்தார்கள். பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு குடவோலை முறையை விவரிக்கிறது. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்க முடியாது என்ற விதி அதில் இருக்கிறது. பெருமைப்பட்டுக்கொண்டு அங்கேயே நிறுத்திவிடக் கூடாது. நிலம் இல்லாதவருக்கு அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. ஏதென்ஸில் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இடம் கிடையாது. "யார் உள்ளே, யார் வெளியே" என்று கேட்க இந்த இரண்டும் நல்ல உதாரணங்கள். பழங்காலத்துக் கதை என்று ஒதுக்கப் பார்த்தால், சுவிட்சர்லாந்தில் பெண்கள் தேசிய அளவில் வாக்குரிமை பெற்றது 1971-இல்தான் என்று சொல்லுங்கள். அயர்லாந்தில் 2016-இல் தொடங்கிய குடிமக்கள் பேரவைக்கு 99 சாதாரண மக்களைச் சமவாய்ப்பு முறையில் எடுத்தார்கள். கருக்கலைப்புச் சட்டம் பற்றி அவர்கள் செய்த பரிந்துரையைத் தொடர்ந்துதான் 2018 பொதுவாக்கெடுப்பு வந்தது.

நான்காம் வாரம்: சட்டத்தை அப்படியே வாசிப்பது

அரசியல் அறிவியல் மாணவர்கள் சட்டத்தைப் பற்றி நிறையப் படிக்கிறார்கள், சட்டத்தைப் படிப்பதில்லை. உள்ளாட்சி தொடர்பான ஏதாவது ஒரு சட்டத்தில் இரண்டே பக்கம் நகலெடுத்துக் கொடுங்கள். பென்சிலால் மூன்று வகைச் சொற்களைச் சுற்றச் சொல்லுங்கள். "செய்ய வேண்டும்", "செய்யலாம்", "எனினும்".

"வேண்டும்" வரும் இடத்தில் உங்களுக்கு ஒரு பிடி கிடைக்கிறது, அதிகாரி செய்தே ஆக வேண்டும். "லாம்" வரும் இடத்தில் அவர் விருப்பம். "எனினும்" வந்தால் மேலே கொடுத்ததைக் கீழே பிடுங்கிக்கொள்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு "லாம்" எப்படி ஒரு முழு உரிமையையே ஒன்றுமில்லாமல் ஆக்குகிறது என்று மாணவர்கள் கண்டுபிடிக்கும் வகுப்பு எனக்கு மிகவும் பிடித்தமானது.

வரவு செலவுத் திட்டத்துக்கும் இதே மாதிரி ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரே ஒரு தலைப்பை எடுத்து, மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மையில் செலவானது என்ற மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் போதும். அறிவிப்புக்கும் செலவுக்கும் நடுவே உள்ள தூரம் தெரிந்துவிடும்.

வாதம் நடத்துவது, நீங்கள் எந்தப் பக்கம் என்பது

எல்லா ஆசிரியரும் தயங்கும் இடம் இது. நம் கருத்தை வகுப்பில் சொல்லலாமா? மேற்கு ஜெர்மனியில் 1976-இல் வெவ்வேறு அரசியல் சார்புள்ள கல்வியாளர்கள் பாய்ட்டல்ஸ்பாக் என்ற ஊரில் கூடிப் பேசினார்கள். அதிலிருந்து மூன்று விதிகள் பிறந்தன. மாணவரை உங்கள் கருத்தால் அமுக்காதீர்கள். வெளியே சர்ச்சையாக இருப்பதை உள்ளேயும் சர்ச்சையாகவே காட்டுங்கள். தன் நிலைமையையும் நலனையும் தானே அலசிப் பார்க்கும் திறனை மாணவருக்குக் கொடுங்கள். ஐம்பது ஆண்டுக்குப் பக்கமாகியும் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேள்விப்படவில்லை.

இரண்டாவது விதியைத் தலைகீழாகவும் படிக்க வேண்டும். வெளியே சர்ச்சை இல்லாத உண்மையை, நடுநிலை என்ற பெயரில் சர்ச்சையாக்கக் கூடாது. ஒரு தேர்தலில் எத்தனை வாக்கு விழுந்தது என்பதற்கு இரண்டு பக்கம் கிடையாது.

நான் செய்வது என்னவென்றால், செமஸ்டர் முடியும்வரை என் கருத்தைச் சொல்வதில்லை. கடைசி நாள் யாராவது கேட்டால் சொல்வேன். சொல்லிவிட்டு நடத்தும் நல்ல ஆசிரியர்களும் இருக்கிறார்கள், ஆனால் மதிப்பெண் போடும் பேனா நம் கையில் இருக்கும்போது மாணவர்கள் நம் கருத்தையே எழுதித் தள்ளுவார்கள் என்பது என் அனுபவம்.

விவாதத்துக்கு ஒரே விதி போதும். எதிர்த்தரப்பு வாதத்தை முதலில் நீங்கள் சொல்ல வேண்டும்; "ஆமாம், நான் சொல்ல வந்தது அதுதான்" என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் பதில் சொல்லலாம். முதல் இரண்டு முறை இழுபறியாக இருக்கும், மூன்றாவது முறை குரல் தானாகத் தணியும். யாராவது கைபேசியில் வந்த செய்தியை ஆதாரமாகக் காட்டினால், அந்தப் பக்கத்தையே உற்றுப் பார்க்காமல், அதை வெளியிட்டவரைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று வேறு பக்கங்களைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர்கள் செய்வது அதைத்தான்.

ஐந்தாம் வாரத்திலிருந்து: களப்பணி

நான்கு, ஐந்து பேர் ஓர் அணி. முதல் வாரச் சீட்டுகளிலிருந்து ஒரு பிரச்சினை. தேர்ந்தெடுக்கும்போது மூன்று சோதனை: ஓர் அலுவலகம் தனியாக முடிவெடுக்கக்கூடியதா, மாணவர்கள் நேரில் போய்ப் பார்க்கும் தூரத்தில் இருக்கிறதா, இதை எதிர்க்க யாராவது இருக்கிறார்களா. மூன்றாவதைக் கேட்டு ஆச்சரியப்படுவார்கள். எல்லோரும் ஒத்துக்கொள்ளும் விஷயத்தில் அரசியல் இல்லை. மரம் நட்டுப் படம் எடுத்துக்கொள்வது நல்ல காரியம்தான், அதைச் சேவை அமைப்பில் செய்யட்டும்.

முதல் வேலை, பாதிக்கப்பட்ட பத்துப் பேரிடமாவது பேசுவது. அதில் இரண்டு பேராவது மாணவர்கள் கேட்கும் மாற்றத்தால் நஷ்டப்படுகிறவர்களாக இருக்க வேண்டும். ஒரு வருடம் ஓர் அணி, பேருந்து நிறுத்தத்தைக் கல்லூரி வாசலுக்கு மாற்றக் கோரி மனு எழுதி முடித்தேவிட்டது. விதிக்காக இரண்டு பேரைத் தேடிப் போனார்கள். பழைய நிறுத்தத்துக்கு எதிரில் ஒரு மருத்துவமனை. அங்கே வந்த வயதானவர் ஒருவர், "நீங்க நடக்க முடியாதுன்னு என்னை நடக்கச் சொல்றீங்களாப்பா?" என்று கேட்டிருக்கிறார். திரும்பி வந்து மனுவைக் கிழித்துப் போட்டுவிட்டு, கூடுதலாக ஒரு நிறுத்தம் வேண்டும் என்று எழுதினார்கள். நான் எத்தனை வகுப்பு எடுத்தாலும் அந்த ஒரு கேள்வி செய்த வேலையைச் செய்திருக்காது.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. மாணவர்கள் முதலில் எழுதுவது இப்படி இருக்கும்: "எங்கள் பகுதியில் போக்குவரத்துப் பிரச்சினை கடுமையாக உள்ளதால் தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்." இதற்கு வரும் பதில் உங்களுக்கே தெரியும். "தக்க நடவடிக்கை எடுக்கப்படும்." இரண்டு தரப்பும் ஒன்றுமே சொல்லவில்லை. அதைத் திருத்தினால் இப்படி வரும்: "கல்லூரி முதன்மை வாசலுக்கு முன் பாதசாரிக் கோடு அழிந்துவிட்டது. ஐந்து நாள் காலையில் கடந்தவர்களை எண்ணிய கணக்கை இணைத்துள்ளோம். கோட்டை மறுபடி வரைய முடியுமா, முடியுமென்றால் எந்தத் தேதிக்குள், முடியாதென்றால் எந்த விதியின்படி என்று எழுத்தில் தெரிவிக்கக் கோருகிறோம்." இதற்கு மழுப்பிப் பதில் எழுதுவது கடினம்.

பெறும் இடத்தில் தேதியும் முத்திரையும் வாங்காமல் அணி திரும்பி வரக்கூடாது. இதை மட்டும் பத்துத் தடவை சொல்லுங்கள்.

தகவல் கேட்கும் சட்டம் உங்கள் நாட்டில் இருந்தால் அதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். ஸ்வீடனில் 1766-லேயே தொடங்கிய வழக்கம் இது. இன்று நூறுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. இந்தியாவின் 2005 சட்டப்படி பதிலுக்குப் பொதுவாக 30 நாள், பிரிட்டனில் 20 வேலை நாள். காத்திருக்கும் நாட்களைக் கணக்கிட்டு விண்ணப்பம் ஆறாம் வாரத்துக்குள் போய்விட வேண்டும். "ஏன் இதைச் செய்யவில்லை" என்று கேட்பது சண்டைக்கு இழுப்பது. "இந்தச் சாலைக்குக் கடந்த மூன்று ஆண்டில் ஒதுக்கிய தொகை, செலவான தொகை, பணி ஆணையின் நகல்" என்று கேட்டால் ஆவணம் வரும்.

அதிகாரியைச் சந்தித்துவிட்டு வந்த அணிக்கு ஷெரி ஆர்ன்ஸ்டீன் 1969-இல் வகுத்த பங்கேற்பு ஏணியைக் கொடுங்கள். எட்டுப் படி. அடியில் மக்களைத் தன் வசதிக்கு வளைப்பது, நடுவில் தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, மேலே கூட்டாக முடிவெடுப்பது, உச்சியில் மக்கள் கையிலேயே கட்டுப்பாடு. நம்மை நாற்காலி போட்டு உட்கார வைத்து, எல்லாவற்றுக்கும் தலையாட்டி அனுப்பினார்களே, அது எந்தப் படி என்று கேளுங்கள். பதில் சிரிப்போடு வரும். மேல் படிக்கு உதாரணம் கேட்டால், பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989-இல் தொடங்கிய பங்கேற்பு வரவு செலவுத் திட்டத்தைச் சொல்லலாம். நகராட்சி முதலீட்டில் ஒரு பகுதியை எதற்குச் செலவிடுவது என்று பகுதிவாரியாகக் கூடி மக்களே வரிசைப்படுத்தினார்கள்.

இடையில் சில பாதுகாப்பு விஷயங்கள். கல்லூரி நிர்வாகத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள். எந்த மாணவரையும் கையெழுத்துப் போடக் கட்டாயப்படுத்தாதீர்கள். அப்பாவோ அம்மாவோ அதே அலுவலகத்தில் வேலை பார்க்கலாம், அதை வகுப்பில் சொல்ல முடியாமல் இருக்கலாம். அவர்களுக்கு எண்ணிக்கை எடுப்பது, சட்டம் தேடுவது போன்ற வேலையைக் காரணம் கேட்காமல் கொடுங்கள். கட்சிப் பிரசாரத்துக்கு மதிப்பெண் கிடையாது, எந்தக் கட்சியானாலும்.

மதிப்பெண்

பிரச்சினை தீர்ந்ததா என்பதற்கு மதிப்பெண் போடவே கூடாது. போட்டால் ஏற்கெனவே ஆணை வெளியான வேலையாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். எனக்கு நடந்தது! நான் இப்போது வைத்திருக்கும் பங்கீடு: நாட்குறிப்பு 40, மனுவும் இணைப்புகளும் 25, எதிர்த்தரப்பின் வாதத்தை அவர்கள் நிலையிலிருந்து எழுதிய இரண்டு பக்கம் 20, வாய்மொழித் தேர்வு 15.

நாட்குறிப்பில் கட்டுரை வேண்டாம். தேதி, போன இடம், சந்தித்தவரின் பதவி, அவர் சொன்னது, அடுத்து செய்ய வேண்டியது என்று ஐந்து கட்டம். "இன்று போனோம், அவர் இல்லை" என்ற பதிவுக்கும் மதிப்பெண் உண்டு. பதினைந்து வாரத்தில் அப்படி ஏழெட்டுப் பதிவு வந்தால் அதுவே நிர்வாகம் பற்றிய நல்ல ஆய்வுப் பொருள்.

வாய்மொழித் தேர்வில் நான் கேட்பது ஒரே கேள்வி: "உங்கள் மனு இப்போது யாருடைய மேசையில் இருக்கிறது?" துறையின் பெயர் சொன்னால் பாதி மதிப்பெண். பதவியைச் சொல்லி, அவருக்கு இருப்பது "வேண்டும்" ஆ, "லாம்" ஆ, அவர் மறுத்தால் மேல்முறையீடு யாரிடம் என்றும் சொன்னால் முழு மதிப்பெண்.

பெரும்பாலான அணிகளுக்கு 15 வாரத்தில் பதில் வந்திருக்காது. அதற்குத்தான் கோப்பு. மனு நகல், முத்திரையிட்ட ரசீது, நாட்குறிப்பு, எண்ணிய கணக்கு எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, முகப்பில் மூன்று வரி எழுதச் சொல்லுங்கள்: கடைசியாகப் போன தேதி, பதில் வர வேண்டிய தேதி, அடுத்துப் போக வேண்டிய அறை. அடுத்த செமஸ்டர் முதல் வகுப்பில் துண்டுச் சீட்டு கொடுப்பதற்கு முன் அந்த உறைகளை மேசையில் பரப்பி வைக்கிறேன். வேகத்தடைக் கோப்பு மூன்றாவது அணியின் கையில் இருக்கிறது.